கோட்டைத் தாண்டியதா பந்து? ரக்பி ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான ரக்பி ரசிகர்களுக்கு,

கொழும்பிலும் கண்டியிலும் திடலோரம் நின்று பார்ப்பவர்களுக்கும், சென்னையில் நள்ளிரவு தாண்டி விழித்திருந்து தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்கும், லண்டன், சிட்னி, ஆக்லாந்து என்று குடியேறிய ஊரில் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

வழக்கத்துக்கு மாறான ஒரு ட்ரையை யாராவது வைத்துவிட்டால் போதும், நமக்குள் வாதம் தொடங்கிவிடுகிறது. வெற்றி தோல்வியெல்லாம் பழங்கதையான பிறகும் அந்த ஒரு ட்ரை மட்டும் முடிவதே இல்லை. இந்த வாதத்தை நிறுத்துங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. இன்னும் நன்றாக வாதிடுவோம் என்று கேட்கவே வந்திருக்கிறேன். ரக்பி விதிகளை இன்று எழுதுகிற அமைப்பே ஒரு ட்ரையைப் பற்றிய சண்டையில் பிறந்ததுதான்.

1884 மார்ச்சில் லண்டனை அடுத்த பிளாக்ஹீத்தில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதின. கல்கத்தா கால்பந்து மன்றம் கலைந்தபோது அதன் கையிருப்பில் இருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்த கோப்பைக்காக ஆண்டுதோறும் நடக்கிற ஆட்டம் அது. ஸ்காட்லாந்து வீரர் ஒருவர் பந்தைக் கையால் பின்பக்கம் தட்டினார். ஸ்காட்லாந்தில் ஆடிய முறைப்படி அது தவறு. இங்கிலாந்தில் ஆடிய முறைப்படி தவறில்லை. அந்தப் பந்திலிருந்து தொடர்ந்த ஆட்டத்தில் இங்கிலாந்தின் ரிச்சர்ட் கிண்டர்ஸ்லி ட்ரை வைத்தார். தவறு நடந்ததால் ஆட்டத்தை அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும் என்றது ஸ்காட்லாந்து. தவறு என்றே வைத்துக்கொண்டாலும் அதைச் செய்தவர்கள் நீங்கள், உங்கள் தவறால் உங்களுக்கே ஆதாயம் எப்படி வரும் என்று கேட்டது இங்கிலாந்து. ட்ரை நின்றது, இங்கிலாந்து வென்றது, சண்டை ஓயவில்லை. அடுத்த ஆண்டு இரு நாடுகளும் ஆடவே இல்லை. 1886-இல் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் மூன்றும் சேர்ந்து சர்வதேச ரக்பி வாரியத்தை அமைத்தன. இங்கிலாந்து 1890-இல்தான் அதில் சேர்ந்தது. இன்று உலக ரக்பி என்ற பெயரில் இயங்குவது அதே அமைப்பு. இங்கிலாந்து அன்று எழுப்பிய கேள்விக்கான பதில் இன்று 'அட்வான்டேஜ்' என்ற பெயரில் விதியாகவே இருக்கிறது. தவறு செய்யாத அணிக்கு ஆட்டத்தைத் தொடர்வதால் ஆதாயம் உண்டென்றால், நடுவர் விசிலை ஊதாமல் பொறுத்திருப்பார்.

ஆக, வாதம் இந்த ஆட்டத்துக்குக் கேடு செய்வதில்லை. நல்ல வாதம் விதியாகவே மாறியிருக்கிறது. ஆனால் நம் வாதங்களில் பெரும்பாலானவை எங்கும் போய்ச் சேராமல் நின்றுவிடுகின்றன. காரணம், மூன்று தனித்தனிக் கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம். திடலில் என்ன நடந்தது? நடந்ததற்கு விதி என்ன சொல்கிறது? விதி அப்படி இருப்பது சரியா? முதலாவது கண்ணுக்கு உரியது, இரண்டாவது படிப்புக்கு உரியது, மூன்றாவது நியாய உணர்வுக்கு உரியது. ஒருவர் முதல் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க, எதிரே இருப்பவர் மூன்றாவதற்குப் பதில் சொன்னால் விடியும்வரை பேசினாலும் இருவரும் சந்திக்கப் போவதில்லை.

முதல் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். 1905 டிசம்பர் 16, கார்டிஃப். பிரிட்டன் தீவுகளில் அதுவரை தோல்வியே காணாமல் சுற்றிவந்த நியூசிலாந்து அணி வேல்ஸிடம் 3-0 என்று தோற்றது. வேல்ஸின் டெடி மார்கன் வைத்த ஒரே ட்ரைதான் அன்றைய மொத்தப் புள்ளி. நியூசிலாந்தின் பாப் டீன்ஸ் இரண்டாம் பாதியில் கோல் கோட்டுக்கு ஓடினார். தாண்டிப் பந்தை வைத்துவிட்டேன், என்னைப் பின்னுக்கு இழுத்துவிட்டார்கள் என்றார் அவர். கோட்டுக்கு முன்னாலேயே மடக்கிவிட்டோம் என்றார்கள் வேல்ஸ்காரர்கள். நடுவர் ஜான் டல்லாஸ் வந்து சேர்ந்தபோது பந்து கோட்டுக்கு இப்பால் இருந்தது. ட்ரை இல்லை என்றார். தான் வைத்தது ட்ரைதான் என்று டீன்ஸ் லண்டன் நாளேடு ஒன்றுக்குத் தந்தி அடித்தார். மூன்றாண்டு கழிந்து, இருபத்து நான்கு வயதில், குடல்வால் நோய் முற்றி அவர் இறந்துபோனார். 120 ஆண்டுகள் ஓடியும் நியூசிலாந்தில் இந்தப் பேச்சு அடங்கவில்லை. இது விதியைப் பற்றிய வாதம் இல்லை என்பதைக் கவனியுங்கள். கோட்டில் பந்தை வைத்தால் ட்ரை என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. பந்து எங்கே தரையைத் தொட்டது என்பது ஒன்றுதான் கேள்வி.

கேமராக்கள் வந்ததும் இந்த வகைச் சண்டை ஒழிந்துவிடும் என்று நம்பினோம். சில இடங்களில் ஒழிந்தது. 2007 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இங்கிலாந்தின் மார்க் குயேட்டோ இடது மூலையில் பாய்ந்து பந்தை வைத்தார். தொலைக்காட்சி நடுவர் ஸ்டூவர்ட் டிக்கின்சன் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து, பந்து தரையைத் தொடுமுன் குயேட்டோவின் கால் பக்கக் கோட்டை உரசிவிட்டது என்று கண்டு மறுத்தார். தென்னாப்பிரிக்கா 15-6 என்று வென்றது. வலித்தாலும் அது தெளிவான தீர்ப்பு.

ஆனால் 2024 பிப்ரவரியில் எடின்பரோவின் மர்ரேஃபீல்ட் திடலில் நடந்ததைப் பாருங்கள். பிரான்சுக்கு எதிரான ஆட்டத்தின் கடைசி நொடிகளில் ஸ்காட்லாந்தின் சாம் ஸ்கின்னர் உடல்களின் குவியலுக்குள் பந்தோடு கோட்டுக்கு அப்பால் விழுந்தார். பந்து தரையைத் தொடவில்லை என்பது நடுவர் நிக் பெர்ரி திடலில் சொன்ன முடிவு. ஒருவரின் பாதத்தின்மேல் இருந்த பந்து பிறகு சரிந்து புல்லைத் தொட்டதுபோலப் படத்தில் தெரிந்தது. ஆனால் திடலில் சொன்ன முடிவை மாற்றும் அளவுக்கு ஐயமற்ற சான்று கிடைக்கவில்லை என்று தொலைக்காட்சி நடுவர் முடிவுசெய்தார். பிரான்ஸ் 20-16 என்று வென்றது. "பந்து தொட்டதா" என்று நாம் கத்திக்கொண்டிருந்தபோது, நடுவர்கள் பதில் சொல்லிக்கொண்டிருந்த கேள்வி வேறு: "முதல் முடிவு தவறு என்று ஐயமின்றிக் காட்டப்பட்டதா?" நடுவர் முதலில் ட்ரை என்று சொல்லியிருந்தால், அதே படங்களை வைத்து அதையும் மாற்றியிருக்க மாட்டார்கள். இந்த முறை சரியா என்று வாதிடலாம், வாதிடத்தான் வேண்டும். ஆனால் நடைமுறையைப் பற்றி வாதிடுகிறோம் என்ற தெளிவோடு வாதிட வேண்டும்.

இனி இரண்டாவது கேள்வி. நண்பர்களே, இங்கேதான் நம் பக்கம் குறை அதிகம். விதியில் இல்லாத விதிகளை வைத்துக்கொண்டு நடுவரைக் குற்றம் சொல்கிறோம்.

"பந்தை அழுத்தவே இல்லையே" என்பது நாம் மிக அதிகமாகச் சொல்லும் குறை. பந்தைத் தரையில் வைப்பதற்கு விதி இரண்டு வழிகளைத் தருகிறது. பந்து கையிலோ புயத்திலோ இருந்தால் அதைத் தரையில் தொட்டாலே போதும், அழுத்தம் தேவையில்லை. பந்து ஏற்கெனவே தரையில் கிடந்தால்தான் அதை அழுத்த வேண்டும். கையாலும் அழுத்தலாம், புயத்தாலும் அழுத்தலாம், இடுப்பிலிருந்து கழுத்துவரை உள்ள உடலின் முன்பக்கத்தாலும் அழுத்தலாம். உருண்டோடும் பந்தின்மேல் மார்போடு விழுந்து வைக்கிற ட்ரை விந்தையாகத் தெரியும். விதிப்படி அதில் ஒரு குறையும் இல்லை.

அடுத்தது கோடுகள். கோல் கோடு எதிரணியின் இன்-கோல் பகுதியைச் சேர்ந்தது. அதன் வெள்ளைச் சுண்ணாம்பில் பந்து பட்டாலே ட்ரை. பக்கக் கோடு அப்படியில்லை, அது வெளியைச் சேர்ந்தது. பந்து வைத்திருப்பவரின் கால்நுனி அதில் பட்டால் ஆட்டம் நின்றுவிடும். ஒரு கோட்டைத் தொட்டால் உள்ளே, இன்னொரு கோட்டைத் தொட்டால் வெளியே. இரண்டும் சந்திக்கிற மூலையில்தான் நம் சண்டைகளில் பாதி நடக்கிறது. முன்பெல்லாம் அந்த மூலையில் நிற்கும் கொடிக்கம்பம் உடம்பில் பட்டாலே வெளியே போனதாகக் கணக்கு. 2008-இல் சோதனையாகவும் பிறகு நிலையாகவும் அது நீக்கப்பட்டது. இன்று ஒரு விங்கர் உடல் முழுவதும் பக்கக் கோட்டுக்கு வெளியே காற்றில் மிதக்க, கொடிக்கம்பத்தைச் சாய்த்துக்கொண்டே, ஒற்றைக் கையால் உள்ளே பந்தை வைக்கிறார் என்றால் அந்த அழகுக்கு வழிவிட்டது இந்தத் திருத்தம். அந்தரத்தில் இருக்கிறவர் வெளியே போனவர் ஆகமாட்டார். தரையைத் தொட்டால்தான் வெளியே.

இதைவிட வியப்பான விதியும் உண்டு. பந்தைக் கையில் வைத்திராத ஒருவர் பக்கக் கோட்டுக்கு வெளியே நின்றபடியே கையை நீட்டி, இன்-கோலில் கிடக்கும் பந்தை அழுத்தி ட்ரை வைக்கலாம். முதன்முறை பார்ப்பவர் ஏமாற்று வேலை என்றே நினைப்பார். விதிப்புத்தகத்தில் அது வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறது.

டேக்கிள் ஆகி விழுந்தவர் கையை நீட்டிப் பந்தைக் கோட்டில் வைத்தால், "இரண்டாம் அசைவு, ட்ரை கிடையாது" என்று ஒரு குரல் எழும். அது ரக்பி லீகிலிருந்து வந்த பழக்கம். பதினைந்து பேர் ஆடும் ரக்பி யூனியனில், டேக்கிள் ஆனவர் உடனே கை நீட்டிப் பந்தை வைக்க விதி இடம் தருகிறது. காலம் தாழ்த்தினாலோ, தரையில் ஊர்ந்து முன்னேறினாலோதான் தவறு.

இன்-கோலில் எந்த அணி முதலில் பந்தைத் தரையில் வைத்தது என்று தெரியாமல் போனால் என்ன செய்வது என்றும் விதி சொல்லியிருக்கிறது. ஐந்து மீட்டரில் ஸ்க்ரம், தாக்கும் அணிக்குப் பந்து. ஐயம் வரும் என்பதை இந்த விதிகளை எழுதியவர்களே ஏற்றுக்கொண்டு அதற்கும் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நாம் மட்டும் ஐயமே இருக்கக் கூடாது என்று அடம்பிடிப்பது ஏன்?

விதி தெளிவாக இருந்து, நடந்ததும் தெளிவாக இருந்து, அப்படியும் ட்ரை தவறாக நின்றதுண்டு. 2011 மார்ச்சில் கார்டிஃபில் அயர்லாந்து உதைத்த பந்து பக்கக் கோட்டைத் தாண்டிப் போனது. வேல்ஸின் மேத்யூ ரீஸ் கையில் வேறொரு பந்து கொடுக்கப்பட்டது. அவர் அதை விரைந்து உள்ளே எறிய, மைக் ஃபிலிப்ஸ் ஓடிப்போய் ட்ரை வைத்தார். விரைவு எறிதலுக்கு வெளியே போன அதே பந்துதான் வேண்டும், வேறு யார் கையும் அதில் பட்டிருக்கக் கூடாது என்பது விதி. நடுவர் ஜொனதன் கப்லான் ஐயப்பட்டுத் துணை நடுவரைக் கேட்டார். அதே பந்துதான் என்று பதில் வந்தது. தொலைக்காட்சி பார்த்தவர்களுக்கெல்லாம் உண்மை தெரிந்தது. ஆனால் அந்நாளில் தொலைக்காட்சி நடுவரிடம் கோல் கோட்டை ஒட்டிய நிகழ்வுகளைப் பற்றித்தான் கேட்க முடியும், எறிதலைப் பற்றிக் கேட்க வழியில்லை. ட்ரையும் கன்வெர்ஷனும் சேர்ந்து 7 புள்ளி. வேல்ஸ் 19-13 என்று வென்ற வேறுபாடு 6.

இதன் மறுபக்கத்தை 2023 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் பார்த்தோம். நியூசிலாந்தின் ஆரன் ஸ்மித் ட்ரை வைத்தார். அதற்கு முன் நடந்த லைன் அவுட்டில் பந்து கையிலிருந்து முன்னால் நழுவியதைத் தொலைக்காட்சி நடுவர் டாம் ஃபோலி சுட்டிக்காட்ட, ட்ரை நீக்கப்பட்டது. நழுவியது உண்மை. ஆனால் இத்தகைய பிழைகளுக்கு இரண்டு கட்டங்களுக்குமேல் பின்னே போய்ப் பார்க்கக் கூடாது என்று அன்றைய நடைமுறை வரம்பு விதித்திருந்தது. அந்த லைன் அவுட் அதைவிடப் பின்னால் இருந்தது. நியூசிலாந்து 11-12 என்று ஒரு புள்ளியில் தோற்றது. 2011-இல் உண்மை தெரிந்தும் அதைத் தொட நடைமுறை விடவில்லை. 2023-இல் நடைமுறையைத் தாண்டி உண்மை எட்டிப் பிடிக்கப்பட்டது. முதலாவதைக் கண்டித்தவர்களே இரண்டாவதையும் கண்டித்ததைக் கேட்டேன். எந்த விலைக்கும் உண்மை வேண்டுமா, எல்லாருக்கும் பொதுவான வரம்பு வேண்டுமா என்று நாம் முதலில் முடிவுசெய்துகொள்ள வேண்டும். வரம்புதான் வேண்டும் என்பது என் நிலை. எவ்வளவு தூரம் பின்னே போகலாம் என்பதை ஆட்டத்துக்கு முன்பே இரு அணிகளும் அறிந்திருப்பதுதான் நீதி. வரம்பு போதவில்லை என்றால் அடுத்த பருவத்துக்கு அதை மாற்றலாம், ஆட்டத்தின் நடுவே மாற்றக் கூடாது.

விதியின் எழுத்தில் இடிக்காமலே நியாயத்தில் இடிக்கிற ட்ரைகளும் உண்டு. 2021 பிப்ரவரியில் பார்வையாளர் இல்லாத கார்டிஃப் அரங்கில் வேல்ஸ் வைத்த முதல் ட்ரை அப்படிப்பட்டது. அடிக்கடி தவறு செய்வதைப் பற்றி உங்கள் வீரர்களிடம் பேசுங்கள் என்று நடுவர் பாஸ்கல் கோசேர் இங்கிலாந்துத் தலைவர் ஓவன் ஃபாரெலிடம் சொன்னார். அவர்கள் கூடிப் பேசிக்கொண்டிருக்கும்போதே ஆட்டத்தைத் தொடரவும் விட்டார். டான் பிகர் பந்தைக் குறுக்கே உதைக்க, ஜோஷ் ஆடம்ஸ் ஆளில்லாத மூலையில் பிடித்து வைத்தார். பிகர் செய்ததில் ஒரு தவறும் இல்லை. ஆனால் பேசச் சொன்னவரே பேசி முடிக்க நேரம் தரவில்லை. அதே ஆட்டத்தில் லூயிஸ் ரீஸ்-சாமிட் கைநழுவிய பந்து அவர் காலில் பட்டுப் போக, லியம் வில்லியம்ஸ் அதைக் கோட்டில் வைத்தார். நாக்-ஆன் இல்லை என்று அந்த ட்ரையும் நின்றது. இரண்டையும் வேறுவிதமாகக் கையாண்டிருக்க வேண்டும் என்று கோசேர் ஏற்றுக்கொண்டதாக, உலக ரக்பியின் நடுவர்களுக்குப் பொறுப்பாக இருந்த ஜோயல் ஜுட்ஜ் பிறகு சொன்னார். தன் தீர்ப்பைத் தானே மறுபரிசீலனை செய்த அந்த நேர்மையை ஆட்டத்தின் பெருமைகளில் ஒன்றாக நான் எண்ணுகிறேன்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். விதி இப்படி இருக்கலாமா? இதற்கு நான் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறேன். வினோதமான ட்ரை ஒன்றைப் பார்த்ததும் கேட்டுப் பாருங்கள்: தடுக்கும் அணிக்கு விதிக்குள்ளேயே ஒரு பதில் இருந்ததா? பதிலே இல்லையென்றால் விதியை மாற்ற வேண்டும். பதில் இருந்தும் அவர்களுக்குத் தோன்றவில்லை என்றால், விதியை விட்டுவிட்டு அவர்களைக் கற்றுக்கொள்ளச் சொல்ல வேண்டும்.

கோல் கம்பத்தைச் சுற்றிய பஞ்சுறையை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பமும் உறையும் கோல் கோட்டின் பகுதியாகக் கருதப்பட்டதால், உறையின் அடியில் பந்தைச் சாய்த்து வைத்தாலே ட்ரை என்று இருந்தது. உறை கோட்டுக்கு முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். தடுப்பவர்களோ கோட்டுக்குப் பின்னால்தான் நிற்க முடியும், முன்னே வந்தால் ஆஃப்சைடு. உறைகளின் பருமனும் காலப்போக்கில் கூடியது. சட்டப்படி நின்று தடுக்க வழியே இல்லாத ஓர் இடம் திடலின் நட்டநடுவில் இருந்தது. 2020 மே மாதத்தில் உலக ரக்பி அதை நீக்கியது. சரியான திருத்தம்.

இன்னொன்று, 1975-இல் ஆஸ்திரேலியாவில் சிட்னி அணிக்கு எதிராக நியூ சவுத் வேல்ஸ் நாட்டுப்புற அணி ஆடியது. பயிற்சியாளர் டேரில் ஹாபரெக்ட் வகுத்த திட்டப்படி வீரர்கள் எதிரணிக்கு முதுகு காட்டிக் கூட்டமாக நின்று, ஒருவர் பந்தைச் சட்டைக்குள் மறைத்துக்கொள்ள, எல்லாருமே பந்து வைத்திருப்பதுபோல நாலாபக்கமும் சிதறி ஓடினார்கள். கிரெக் கார்னெல்சன் ட்ரை வைத்தார். அன்றைக்கு அதைத் தடுக்கும் விதி இல்லை, பின்னர் வந்தது. பந்து யாரிடம் என்று தெரியாதபோது யாரை டேக்கிள் செய்வது? பந்தில்லாதவரைப் பிடித்தால் தடுப்பவர்மீதே குற்றம். பதிலே இல்லாத நிலை. அதனால் அந்தத் தடையும் சரி. ஆனால் ட்ரை வைத்த அன்று அவர்கள் எந்த விதியையும் மீறவில்லை என்பதை அந்தத் தடை மாற்றிவிடாது. அவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

இப்போது எதிர்ப்பக்கம். 2017 பிப்ரவரி 26, ட்விக்கன்ஹாம். இங்கிலாந்துக்கு எதிராக இத்தாலி ஒரு தந்திரத்தோடு வந்தது. டேக்கிள் செய்வார்கள், ஆனால் விழுந்த பந்தின்மேல் போட்டியிட ஒருவர்கூட வரமாட்டார். அன்றைய விதிப்படி இரு அணியிலும் தலா ஒருவர் நின்றபடி மோதினால்தான் ரக். ரக் இல்லையென்றால் ஆஃப்சைடு கோடும் இல்லை. ஆகவே இத்தாலி வீரர்கள் இங்கிலாந்தின் பக்கமே போய்ப் பாஸ் செய்யும் வழியில் நின்றுகொண்டார்கள். திகைத்துப்போன இங்கிலாந்து வீரர்கள் ஜேம்ஸ் ஹாஸ்கலும் டிலன் ஹார்ட்லியும் என்ன செய்ய வேண்டும் என்று நடுவர் ரொமான் புவாட்டிடம் கேட்டார்கள். நான் நடுவர், பயிற்சியாளர் அல்ல, உங்கள் பயிற்சியாளரிடம் கேளுங்கள் என்றார் அவர். முதல் பாதியின் முடிவில் இத்தாலியின் டொமாசோ ஆலன் உதைத்த பெனால்டி கம்பத்தில் பட்டுத் திரும்ப, ஓடிவந்த ஜொவான்பட்டிஸ்டா வெண்டிட்டி அதை எடுத்து ட்ரை வைத்தார். இடைவேளையில் இத்தாலி 10-5 என்று முன்னிலை.

என் அளவுகோலை இங்கே வையுங்கள். கம்பத்தில் பட்ட பந்து ஆட்டத்தில் உள்ள பந்துதான். விசில் கேட்கும்வரை ஆடு என்பது பள்ளிச் சிறுவனுக்கும் சொல்லித்தரும் பாடம். இங்கிலாந்துக்குப் பதில் இருந்தது. ரக் இல்லாத தந்திரத்துக்கும் பதில் இருந்தது. பந்தின்மேல் எதிராளி யாரும் இல்லையே, எடுத்து நேராக முன்னால் ஓடு! இரண்டாம் பாதியில் இங்கிலாந்து அதைக் கண்டுகொண்டு 36-15 என்று வென்றது. நாற்பது நிமிடத்தில் விடை கிடைத்த ஒரு புதிருக்காக, அதே ஆண்டிலேயே விதி மாற்றப்பட்டது. டேக்கிளுக்குப் பின் பந்தின்மேல் ஒருவர் நின்றாலே ஆஃப்சைடு கோடு உருவாகிவிடும் என்று ஆனது. இந்த மாற்றத்துக்கும் நியாயம் உண்டு. ஆஃப்சைடு கோடு இல்லாவிட்டால் பந்தைக் கைமாற்றி ஆட இடமே இருக்காது, ஆட்டமே நெரிசலாகிவிடும் என்றார்கள். ஆனாலும் அது அவசரமான திருத்தம் என்றே கருதுகிறேன். பணமும் ஆள்பலமும் குறைந்த அணி விதிப்புத்தகத்தை ஆழப் படித்து, பெரிய அணியை நாற்பது நிமிடம் திணறவைத்தது. சின்ன அணிகளுக்கு மிஞ்சியிருக்கிற ஆயுதம் அறிவு ஒன்றுதான். அதையும் பிடுங்கிக்கொள்ளும் விதி ஆட்டத்தை ஏழையாக்குகிறது.

பிரான்சின் தாமா ராமோஸ் 2023 உலகக் கோப்பைக் காலிறுதியில் கன்வெர்ஷன் உதைக்க வந்தபோது, தென்னாப்பிரிக்காவின் செஸ்லின் கோல்பே கோல் கோட்டிலிருந்து பாய்ந்துவந்து பந்தைத் தடுத்தாரே, அதையும் இப்படியே அளந்து பாருங்கள். உதைப்பவர் அணுகத் தொடங்கி எந்தப் பக்கம் அசைந்தாலும் தடுப்பவர் ஓடலாம் என்பது விதி. கோல்பே அதற்குமுன் கிளம்பிவிட்டாரா என்பது முதல் கேள்வி; அதில் கண்ணுக்குக் கண் வேறுபடலாம். ஆனால் "கன்வெர்ஷனைப் போய்த் தடுக்கலாமா" என்று கேட்டவர்களுக்கு இரண்டாவது கேள்வியிலேயே பதில் இருக்கிறது. தடுக்கலாம், என்றைக்கும் தடுக்கலாம். கன்வெர்ஷனுக்கு 2 புள்ளி. தென்னாப்பிரிக்கா வென்றது 29-28.

இவ்வளவும் சொன்னது ஒரு வேண்டுகோளுக்காக. மூன்று கேள்விகளைக் குழப்புவதன் விலையை நாம் கொடுப்பதில்லை, நடுவர்கள் கொடுக்கிறார்கள். 2007 உலகக் கோப்பைக் காலிறுதியில் பிரான்ஸ் ட்ரை வைக்கும் முன் ஒரு பாஸ் முன்னால் போனதை இளம் நடுவர் வெய்ன் பார்ன்ஸ் காணவில்லை. நியூசிலாந்து 18-20 என்று தோற்றது. அவர்மீது கொட்டப்பட்ட வெறுப்பு ஆண்டுக்கணக்கில் நீடித்தது. 2023 இறுதியாட்டத்துக்குப் பின் டாம் ஃபோலிக்கு வந்த வசைகளும் மிரட்டல்களும் அவரைச் சர்வதேச ஆட்டங்களிலிருந்தே விலகவைத்தன. முன் போன பாஸ் முதல் கேள்வியில் நேர்ந்த பிழை. வரம்பு தாண்டியது இரண்டாவதில் நேர்ந்த பிழை. இரண்டுமே பிழைகள், சூழ்ச்சிகள் அல்ல.

1871 மார்ச்சில் எடின்பரோவில் நடந்த முதல் சர்வதேச ரக்பி ஆட்டத்திலேயே ஸ்காட்லாந்தின் முதல் ட்ரையை இங்கிலாந்து ஏற்கவில்லை. அந்நாளில் ட்ரைக்கென்று புள்ளி இல்லை. கோலுக்கு உதைக்கும் உரிமையைத்தான் அது பெற்றுத்தந்தது, அந்த உதை உள்ளே போனதால்தான் வெற்றி வந்தது. அன்று நடுவராக நின்ற எச். எச். ஆல்மண்ட் ஒரு பள்ளித் தலைமையாசிரியர். தன் தீர்ப்பு சரியா என்று தனக்கு இன்றுவரை தெரியாது என்று பிற்காலத்தில் மனந்திறந்து எழுதினார். ஐயம் வந்தால் அதிகம் கத்துகிற அணிக்கு எதிராகத் தீர்ப்பளிப்பது தகும், ஏனெனில் தவறு அவர்கள் பக்கம் இருக்கவே வாய்ப்பு அதிகம் என்றும் எழுதினார். கூச்சல் ஒருபோதும் சான்று ஆகாது என்பதை முதல் ஆட்டத்திலேயே ஒருவர் கண்டுகொண்டிருக்கிறார்.

இலங்கையில் ரக்பி 1879 முதல் ஆடப்படுகிறது. ராயல் கல்லூரியும் கண்டி டிரினிட்டி கல்லூரியும் மோதும் பிராட்பி கேடயம் 1945-இல் தொடங்கியது. தலைமுறை தலைமுறையாக ஆட்டம் பார்க்கும் அந்த ஊர்களில் பெரும்பாலான பள்ளி ஆட்டங்களுக்குத் தொலைக்காட்சி நடுவர் கிடையாது, பல கோணங்களில் கேமராவும் கிடையாது. ஒருவர் ஓடிவந்து, மூச்சிரைக்க, ஒரே பார்வையில் தீர்ப்புச் சொல்கிறார். பக்கத்தில் நிற்கும் சிறுவர்கள் விதியை யாரிடம் கற்கிறார்கள்? உங்களிடம்தான். நீங்கள் "கள்ள ட்ரை" என்று கத்தினால் அவர்களும் அதையே கற்பார்கள். "கொடிக்கம்பம் பட்டால் பரவாயில்லை, கால் எங்கே இருந்தது என்று பார்" என்று சொன்னால் அதையும் கற்பார்கள்.

எனவே அடுத்த முறை ஒரு வினோதமான ட்ரை வரும்போது, கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள். விதிப்புத்தகத்தை உலக ரக்பி எல்லாருக்கும் இலவசமாகவே வெளியிடுகிறது. அதைப் படியுங்கள், பிள்ளைகளுக்குத் தமிழில் விளக்குங்கள். நடந்ததில் ஐயம் இருந்தால் ஐயம் என்றே சொல்லுங்கள். தீர்ப்பு விதிக்கு முரண் என்றால் எந்த விதிக்கு என்று காட்டுங்கள். விதியே நியாயமற்றது என்றால் அந்த விதியை எதிர்த்து உரக்கப் பேசுங்கள், எழுதுங்கள். கம்பத்து உறையும் கொடிக்கம்பமும் அப்படித்தான் மாறின. உங்கள் வாதம் அடுத்த விதியாகலாம். விசில் ஊதியவரின் வீட்டு வாசலுக்கு மட்டும் அதைக் கொண்டுபோகாதீர்கள்.

அன்புடன்,
உங்களைப் போலவே இந்த ஆட்டத்தை நேசிக்கும் ஒருவர்